தறிதான் என்று சொன்னவன்

வெண்ணந்தூரில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் எட்டு விசைத்தறிகள் ஓடுகின்றன. குடியிருப்பு மாடியில். தறி ஓடினால் தரை அதிரும், ஜன்னல் கதவு நடுங்கும், டம்ளரில் தண்ணீர் ஆடும். என் மனைவி பரமத்தி வேலூர்ப் பக்கம் வெற்றிலைத் தோட்டத்து வீட்டில் வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த புதிதில் பயந்து எழுந்து நிற்பாள். தறிதான் என்று ஒவ்வொரு தடவையும் கேலி பேசி உட்கார வைத்தேன். எல்லாம் தெரிந்தவன் என்ற மிதப்பு எனக்கு.

அன்று காலை நூல் வாங்க ராசிபுரம் போய்விட்டுத் திரும்பும்போது டீக்கடையில் வண்டியை நிறுத்தினேன். டிவியில் சிவப்பு எழுத்து ஓடியது: சேலம், நாமக்கல்லில் நில அதிர்வு. அதற்கு மேலே ஓர் அடுக்குமாடிக் கட்டடம் மடங்கி விழுந்தது. மறுபடி விழுந்தது. மறுபடியும். ஏதோ வெளிநாட்டுப் பழைய படம் என்று மூலையில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்களாம், பிறகு கேள்விப்பட்டேன். என் கண்ணுக்கு அது எங்கள் வீடாகத்தான் தெரிந்தது. போன் அடித்தேன், அவள் எடுக்கவில்லை. தறிச் சத்தத்தில் எந்த நாளும் அவளுக்குப் போன் கேட்காது. அது தெரிந்தும் டீயைக் குடிக்காமலே வண்டியை எடுத்தேன்.

எங்கள் தெருவே வெளியில் நின்றது. வீடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தறிக்காரர்கள் தறியை ஓடவிட்டபடியே வந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கத்திய பிறகுதான் அவர்களுக்கு விஷயமே தெரிந்ததாம். அந்தக் கூட்டத்தில் மனைவியும் இல்லை, எட்டு மாதக் குழந்தையும் இல்லை. மாடிப்படி ஏறினேன்.

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அறையிலேயே உட்கார்ந்திருந்தாள். பரணில் இருந்த சீர் அண்டா கீழே விழுந்து கிடந்தது. பக்கத்தில் பாய். குழந்தையின் தலையணைக்கு ஒரு சாண் தள்ளி சிமெண்டு பெயர்ந்திருந்தது. ஏன் வெளியே வரவில்லை என்று கத்தினேன்.

"தறிதான்னு நெனச்சேனுங்க. நீங்க எப்பவும் அப்படித்தானுங்க சொல்லுவீங்க."

கீழே போய் எட்டுத் தறியையும் நிறுத்திவிட்டு வந்தேன்.

அப்புறம் பொழுதுக்கும் டிவிதான். பூகம்பமா, கல்குவாரி வெடியா என்று நான்கு பேர் சண்டை போட்டார்கள். எங்கள் தெருவுக்கும் மைக்கோடு ஒருவர் வந்தார். ஓடிவந்தவர்களை வீட்டுக்குள் அனுப்பி, கேமராவுக்காக இன்னொரு தடவை ஓடிவரச் சொன்னார். எனக்கு அவரை அடிக்கலாம் போல இருந்தது. டிவியில் அந்தக் கட்டடம் மட்டும் விழுந்துகொண்டே இருந்தது.

சாயங்காலம் அவள் மெதுவாகக் கேட்டாள்.

"மறுக்கா ஆடுச்சுன்னா தறியில்லைன்னு எப்படிங்க தெரியும்? பாப்பாவத் தூக்கிட்டுப் படி எறங்கறதுங்களா, உள்ளயே கட்டிலுக்கடியில பூந்துக்கறதுங்களா?"

அத்தனை நேரம் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவன் நான். தெரியவில்லை என்றேன். அவள் குழந்தையை மடியிலிருந்து இறக்கவே இல்லை.