சந்தனம் வச்ச புகார்ப் பெட்டி

சுடலையம்மாளுக்கு மெமோ டைப் அடிச்சது நான்தான். பள்ளிக்கூடத்துப் பொருளை அனுமதியில்லாம வெளிய கொண்டு போனது குத்தம்னு தாளாளர் சொல்லச் சொல்ல அடிச்சேன். கையெழுத்து வாங்குறதுக்குள்ள அவரையே போலீஸ் விசாரணைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. மெமோ இன்னும் என் மேஜை டிராயர்லதான் கெடக்கு.

நான் ஜெனிலா, ராஜபாளையத்துல ஒரு தனியார் பள்ளிக்கூடத்துல கிளார்க். சுடலையக்கா எங்க ஆயா. செட்டியார்பட்டியிலருந்து காலையில மொத பஸ்ல வந்துருவாங்க. பன்னெண்டு வருஷம் பஞ்சு மில்லுல வேலை பாத்து, இருமல் தாங்காம இங்க சேந்து பத்தொம்பது வருஷமாச்சு. மில்லுத் தூசியோட மல்லுக்கட்டுன ஆளு, இங்க வந்தும் தூசியை விடல. தோள்ல எப்பவும் ஒரு ஈரத்துணி கெடக்கும். சும்மா உக்காந்திருந்தா என்னையும் சேத்துத் துடைச்சிருவாங்க.

பெட்டி வந்த கதையைச் சொல்லணும். பிள்ளைங்களுக்கு யாராச்சும் தொந்தரவு குடுத்தா எழுதிப் போட பள்ளிக்கூடத்துல ஒரு பெட்டி வைக்கணும்னு உத்தரவு வந்துச்சு. எங்க தாளாளர் உத்தரவுன்னா அன்னைக்கே செய்யுற மனுசன். சிவப்புத் தகரப்பெட்டி ஒன்னு வாங்கி, தன் ரூம் வாசல்லயே, கேமராவுக்கு நேர் கீழ மாட்டுனாரு. எந்தப் பிள்ளை புகார் போடுதுன்னு உக்காந்த எடத்துலருந்தே பாக்கலாம்லா. சாவி அவரு பையில. பாதுகாப்புக் குழுவுக்கு அஞ்சு பேர் வேணும்னாங்க. நாலு பேர் தேறுனாங்க, அஞ்சாவதா கீபோர்டு மாஸ்டரைப் போட்டாரு. பிள்ளைங்ககூட நல்லாப் பழகுவாராம்.

ஆயுதபூஜை வந்தா கம்ப்யூட்டர், ஸ்கூல் வேன், பெட்டின்னு எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வைப்பாங்க. நான் சர்ச்சுக்குப் போறவ, ஆனா சந்தனம் குழைக்கிறது என் வேலைதான். மூணு வருஷமா பூட்டு ஓட்டை மேலயே வச்சு வச்சு அது காஞ்சு அடைச்சே போச்சு. யாருக்கும் தெரியல, ஏன்னா யாரும் தெறக்கல. நான் பாட்டுக்கு மாசா மாசம் 'புகார் ஏதும் வரப்பெறவில்லை'ன்னு ரிப்போர்ட் அடிச்சு அனுப்புனேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுல இலவச சட்ட உதவி பாக்குற வக்கீல் காளீஸ்வரி ஒரு நாள் வந்து பிள்ளைங்ககிட்டப் பேசுனாங்க. பெட்டி பக்கத்துல நின்னு எல்லாரும் போட்டோ எடுத்துக்கிட்டோம். யாருக்கு என்னன்னாலும் எப்ப வேணா நேர்ல வாங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க. ஜன்னல் துடைச்சுக்கிட்டு நின்ன ஆயா ஒருத்தங்கதான் அதைக் காதுல வாங்குனது.

ஆறாங்கிளாஸ்ல ஒரு பிள்ளை. பேரைச் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. செவ்வா, வியாழன் சாயங்காலம் கீபோர்டு கிளாஸுக்கு மணி அடிச்சா அது கக்கூஸுக்குள்ள போய்த் தாப்பா போட்டுக்கும். யாராச்சும் வந்து தட்டிக் கூட்டிட்டுப் போவாங்க. அதைப் பாத்ததுலருந்து சுடலையக்கா அந்த நேரம் பூராவும் கீபோர்டு ரூம் வாசலையே கூட்ட ஆரம்பிச்சாங்க. சும்மா சும்மா கதவைத் தெறந்து, தூசின்னாங்க. ஒரே எடத்தை எத்தனை தடவை கூட்டுவான்னு மாஸ்டர் போய்ப் புகார் சொன்னாரு. அந்தப் புகாருக்குப் பெட்டி தேவைப்படல, உடனே நடவடிக்கை. ஆயாவைச் சாயங்காலம் வேன் பக்கம் மாத்திட்டாங்க.

பொறவு சுடலையக்கா அந்தப் பிள்ளையையே தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருக்காங்க. அதெல்லாம் பெட்டியில எழுதிப் போட்டாச்சு ஆயான்னு சொல்லிட்டுப் போயிருச்சாம்.

நேரா எங்கிட்ட வந்து பெட்டியைத் தெறக்கச் சொன்னாங்க. நான் தாளாளரைக் கேட்டேன். அடுத்த வாரம் ஆண்டு விழா, விருந்தாளிங்க வாற நேரத்துல எதுக்கு வம்பு, விழா முடியட்டும்னாரு. அதை அப்படியே வந்து ஆயாகிட்டச் சொன்னேன். அப்ப எனக்கும் அது ஞாயமாத்தான் பட்டுச்சு. என்னைச் செருப்பால அடிக்கணும்.

"நாளைக்கு வியாழக்கெழமைட்டி. அந்தப் பிள்ளை எங்க போய் ஒளியும்?"

கேட்டுட்டு ஆயா ஈரத்துணியை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டாங்க.

மறுநாள் காலையில பெட்டியைத் துடைக்கிற மாதிரியே ஆணியிலருந்து கழட்டி, இடுப்புல வச்சுக்கிட்டு கேட்டைத் தாண்டிப் போயிட்டாங்க. கேமரா பாத்துக்கிட்டேதான் இருந்துச்சு. ஓடிப் போய்ப் பெட்டியை வாங்கிட்டு வான்னு தாளாளர் என்னை விரட்டுனாரு. பஸ் ஸ்டாண்டுல ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ல உக்காந்திருந்தாங்க. நான் ஏறி, வேலை போயிரும்க்கான்னு கெஞ்சிக்கிட்டிருக்கும்போதே பஸ் கெளம்பிருச்சு.

மடியில சிவப்புப் பெட்டி, அதுல சந்தனம், குங்குமம். கோயில் உண்டியல்னு நெனச்சு ஒரு அம்மா தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. இன்னொருத்தங்க தலையிலருந்து பூவைக் கிள்ளி மேல வச்சாங்க. கண்டக்டர் பக்கத்து சீட்டு ஆளை எழுப்பி விட்டுப் பெட்டிக்குன்னு எடம் குடுத்தாரு. எங்க பள்ளிக்கூடத்துல மூணு வருஷமா கெடைக்காத மரியாதை பெட்டிக்கு அந்த பஸ்லதான் கெடைச்சுது. நான் அதுக்கப்புறம் கெஞ்சல.

வக்கீலம்மா மகளிர் போலீஸை வரவழைச்சு, அவிய முன்னாடி பூட்டை உடைக்க வச்சாங்க. உள்ள ரெண்டு காயிதம். மேல கெடந்ததைப் படிச்சதுமே இன்ஸ்பெக்டரம்மா போனை எடுத்துக்கிட்டு வெளிய போனாங்க. அன்னைக்குக் கீபோர்டு கிளாஸ் மணி அடிக்கல. அதுக்கு முன்னாடியே மாஸ்டரை ஜீப்புல ஏத்திட்டாங்க.

சுடலையக்காவுக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்குன்னு என்னைக் கேட்டாங்க. நடந்தது எதையும் எனக்கு வாய்விட்டுப் படிக்க வரல. கடைசி ரெண்டு வரியை மட்டும் படிச்சேன்.

"போன வருஷம் போட்ட லெட்டருக்குப் பதில் வரல. என் கையெழுத்து புரியலையோன்னு இதைக் கோடு போட்டு அழகா எழுதியிருக்கேன்."

அந்த லெட்டருக்கும் இந்த லெட்டருக்கும் நடுவுல பன்னெண்டு மாசம், பன்னெண்டு ரிப்போர்ட். ஒரு எழுத்துப்பிழை இல்லாம அத்தனையும் அடிச்சவ நான்.