நாவலடிவெளிக்குப் போகும் பஸ்

வெள்ளிக்கிழமை, இன்னும் நன்றாக விடியாத நேரத்தில் பக்டரியடியிலிருந்து சைக்கிளில் புறப்பட்டேன். எங்கள் இடத்திலிருந்து பரந்தன்–முல்லைத்தீவு வீதிக்கு ஏழு கிலோமீற்றர். அந்த வீதிக்கு வந்துவிட்டால் முல்லைத்தீவு ஒன்றும் தூரமில்லை. வந்து சேருவதுதான் பயணம்.

பக்டரியடியை வரைபடத்தில் தேடாதீர்கள். ஒரு ஓட்டுத் தொழிற்சாலை, அதன் புகைபோக்கி, பின்னால் தொழிலாளர் குடியிருப்பு, அவ்வளவுதான். தொழிற்சாலை ஓடிய காலத்தில் வேலை மாறும் நேரமெல்லாம் பஸ் வந்து போகும். போருக்குப் பிறகு ஒருமுறை திறந்தார்கள். களிமண் கட்டுப்படியாகவில்லை என்று சில வருடங்களில் மறுபடி மூடினார்கள். பாதிப்பேர் வேலை தேடிப் போனார்கள், மீதிப்பேர் இருந்தோம். பஸ் மட்டும் பழக்கதோசத்தில் வந்துகொண்டிருந்தது. பிறகு மணல் ஏற்றும் டிப்பர்கள் வீதியைக் கிண்டிப் போட்டன. ஒரு மாரியில் மதகு உடைந்தது. அத்தோடு பஸ்ஸும் நின்றது.

பிரதேச சபைக்குப் போய்க் கேட்டேன். "பஸ் எங்கடை இல்லை, டிப்போவைக் கேளுங்கோ" என்றார்கள். டிப்போவுக்குப் போனேன். "வீதி எங்கடை இல்லை, சபையைக் கேளுங்கோ" என்றார்கள். இரண்டு கந்தோரும் கிளிநொச்சியில் ஒன்றையொன்று பார்க்கும் தூரத்தில்தான் இருக்கின்றன. இருந்தும் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போய்வந்தவர்கள் நாங்கள் மட்டும்தான்.

என் மகள் நிலானி உயர்தர வகுப்பில் சேர்ந்த முதல் தவணையிலேயே, டிப்பருக்கு ஒதுங்கப்போய் சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்து கையை முறித்துக்கொண்டாள். கணவர் அறுவடை மெஷின் ஓட்டுகிறவர். போகம் தொடங்கினால் ஜெயபுரம் பக்கம் போய்விடுவார். ஏற்றி இறக்க ஆளில்லை. அப்போதுதான் கணவரின் அக்கா சிவகாமி மச்சாள் முள்ளியவளைப் பக்கத்திலிருந்து தொலைபேசி எடுத்தார்.

"பிள்ளையை இஞ்சை அனுப்பும் வசந்தி. வாசலிலை பஸ் ஏறினால் பள்ளிக்கூட வாசலிலை இறங்குவாள். பிறகென்ன?"

அனுப்பினேன். அன்றிலிருந்து மச்சாளின் தொலைபேசிக் கதையில் முக்கால்வாசி அந்த பஸ்தான். இன்றைக்கு நேரத்துக்கு வந்தது, புது ரயர் போட்டிருக்கிறார்கள், சாரதி நல்ல பொடியன். கேட்கக் கேட்க என் வயிறு எரியும். தவணை விடுமுறைக்கு மகளைக் கூட்டிவரப் போகிறேன் என்றுதான் அயலில் சொல்லிவிட்டு வந்தேன். அந்த பஸ்ஸை ஒருமுறை நேரில் பார்த்து, அதில் ஏதாவது குறை கண்டுபிடிக்க வேண்டும் என்ற எண்ணத்தை ஒருவருக்கும் சொல்லவில்லை.

வீதியோரத் தேநீர்க் கடையில் சைக்கிளை விட்டேன். கடைக்காரர் அதற்குக் காசு வாங்குவதில்லை. ஒரு பிளேன்ரீ குடித்தால் போதும், ஐம்பது ரூபாய். ஏழு மணிக்குப் பிறகு வந்த மினிபஸ்ஸில் இடம் கிடைத்தது.

தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு. இந்த வீதியில் பலமுறை போயிருக்கிறேன், ஆனால் அன்றைக்கு என் கண்ணில் பட்டதெல்லாம் பஸ் தரிப்பிடங்கள். ஓரிடத்தில் புதுக்கூரை. இன்னோரிடத்தில் இருப்பதற்குச் சீமெந்து வாங்கு, சுவரில் வெள்ளை. தென்னைக்கும் பனைக்கும் நடுவில் பத்து வீடுகூடத் தெரியாத ஒரு வளைவில் நிழலுக்குள் இரண்டு பேர் காலை நீட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு இருந்தார்கள். எங்கள் தரிப்பிடத்தின் கூரைத் தகரத்தை யாரோ கழற்றிக்கொண்டு போய் வெகுகாலம்.

பக்கத்தில் இருந்தவர் ரமீசா என்ற வியாபாரி. மடியில் உடுப்பு மூட்டை. முல்லைத்தீவிலிருந்து இடம்பெயர்ந்து புத்தளத்தில் நெடுங்காலம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர்.

"எங்க போறீங்க?" என்றார்.

"மகளைக் கூட்டிவர. மச்சாள் வீட்டிலை நிண்டு படிக்கிறாள்."

"கனகாலமா?"

"ரெண்டு தவணை."

"என்ட மகனும் படிப்பு முடியட்டும் எண்டுதான் புத்தளத்தில நிண்டான்," என்றார். "நாங்க காணியைத் துப்புரவாக்கி, வீடு கட்டி, கிணறும் இறைச்சு வச்சம். இப்ப அவனுக்கு அங்க கடை, அங்கயே கலியாணம். இங்க வந்தா ரெண்டு நாள் நிப்பான். பஸ் இல்ல, அது இல்ல, இது இல்ல எண்டு போயிடுவான்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அதன்பிறகு யன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை.

முல்லைத்தீவில் இறங்கி, கடற்காற்றில் சிறிது நேரம் நின்று, முள்ளியவளைக்கு வேறு பஸ் எடுத்தேன். எட்டுக் கிலோமீற்றருக்குக் கிட்ட. வயல்களும் கோயில் வீதிகளும் பழைய மாமரங்களுமாக ஊர் நிறைந்து கிடந்தது. அங்கே ஒரு தெரிந்தவர் வீட்டில் மதியம் சாப்பிட்டுவிட்டு, பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குச் சந்திக்கு வந்தேன்.

அது வந்தது. சிவப்பு பஸ். நெற்றியில் மச்சாளின் ஊர்ப்பெயர் நாவலடிவெளி என்று எழுதியிருந்தது. ஏறி முன்பக்கம் இருந்துகொண்டு தேடத் தொடங்கினேன். தரை கூட்டியிருந்தது. மணி வேலை செய்தது. மூன்றாவது இருக்கையின் உறை கிழிந்து பஞ்சு வெளியே தள்ளியிருந்தது. அதைக் கண்டதும் எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் ஏறினார்கள். நிலானி கடைசியாக ஏறினாள். நான் வருவதை மச்சாள் அவளுக்குச் சொல்லவில்லைப் போலும், அவள் என்னைக் கவனிக்கவில்லை. நடத்துனர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "உன்ரை குடையை நேற்று விட்டிட்டுப் போட்டாய்" என்று எடுத்துக் கொடுத்தார். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் வீட்டில் கண்டு நாளாயிற்று. திரும்பியவள் என்னைக் கண்டு, "அம்மா!" என்று ஓடிவந்து பக்கத்தில் இருந்தாள்.

"பாத்தீங்களோ? எங்கடை பஸ்ஸிலை நல்ல காத்து."

எங்கடை பஸ். மச்சாள் வீடுவரை ஐந்து கிலோமீற்றரும் அந்தச் சொல்லோடுதான் போனேன். வீதி நெடுகக் கிறவல் மண் போட்டு இறுக்கியிருந்தது. வாய்க்கால் துப்புரவாக இருந்தது. ஒரு குலுக்கல், ஒரே ஒரு குலுக்கல் வந்தது. மற்றப்படி மடியில் வைத்த தேநீர் சிந்தாது.

மச்சாளின் வீட்டு வாசலிலேயே இறங்கினோம். மச்சாள் ஓடிவந்து பையை வாங்கினார். குசினிக்குள் நிலானி தானாகப் போய், மச்சாளுக்குச் சீனி குறைத்து ஒரு தேத்தண்ணியும், எனக்குச் சீனி போட்டு ஒன்றும் கொண்டுவந்தாள். நான் சீனியை விட்டு மூன்று மாதம். அவளுக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

சாப்பிட்ட பிறகு, "நாளண்டைக்கு வெளிக்கிடுவம் என்ன? உடுப்புகளை அடுக்கு" என்றேன்.

அவள் மச்சாளைப் பார்த்தாள். பிறகு நிலத்தைப் பார்த்தாள்.

"அம்மா, விடுமுறையிலையும் வகுப்பு இருக்கு. அங்கை வந்தால் நான் எப்பிடிப் போறது?"

"மூண்டு கிழமைதானே?"

"மூண்டு கிழமை விட்டால் பாடம் போயிடும். பஸ் வரட்டும், நான் வாறன்."

அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் என்னைச் சுட்டது. மச்சாள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதையை மாற்றினார்.

"நாளைக்குப் பொதுநோக்கு மண்டபத்திலை பஸ் கூட்டம். நீரும் வாருமன். சும்மா இருந்து பாரும்."

சனிக்கிழமை காலை மண்டபம் நிறைந்திருந்தது. முன்னால் ஒரே ஒரு மேசை. அதற்குப் பின்னால் அந்தப் பகுதிப் பிரதேச சபையின் தவிசாளர் ஒரு கதிரையிலும், இரண்டு மாவட்ட டிப்போக்களுக்கும் பொறுப்பான போக்குவரத்துப் பிராந்தியக் கந்தோர் அதிகாரி பக்கத்துக் கதிரையிலும் இருந்தார்கள். முழங்கை முட்டும் தூரம்.

அதிகாரி முதலில் கதைத்தார். பின்னேர ஓட்டத்தில் சேரும் ரிக்கெற் காசு டீசலுக்கே காணாது என்றார். தவிசாளர், சந்தைக் குத்தகைப் பணத்தில் ஒரு பங்கை இந்த வருடமும் சபை அதற்குத் தரும் என்றார். அதைத் தந்தால் வேறு எது குறையும் என்றும் சொன்னார்: இரண்டு ஒழுங்கைகளுக்கு விளக்குப் போடுவது பிந்தும். சனம் முணுமுணுத்தது. கை உயர்த்தச் சொன்னார்கள். பஸ்ஸுக்குத்தான் கூடுதலான கை உயர்ந்தது.

மச்சாள் எழும்பினார். தொலைபேசியில் அலட்டும் அதே மச்சாள்தான்.

"தவிசாளர் ஐயா, பள்ளிக்கூடத்தடி வாய்க்கால் என்ன மாதிரி?"

"அடுத்த மாதம் செய்யிறம் அம்மா."

"எந்த அடுத்த மாதம்? போன கூட்டத்திலையும் அடுத்த மாதம்தான்."

மண்டபம் சிரித்தது. தவிசாளரும் சிரிக்கப் பார்த்தார், ஆனால் மச்சாள் இருக்கவில்லை. நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் தவிசாளர், "மாரிக்கு முன்னம் முடிப்பன். இல்லாட்டி வாற கூட்டத்திலை என்னை எழுப்பிக் கேளுங்கோ" என்றார்.

எனக்குப் பஸ் மறந்துபோனது. கேட்கிற ஆளும், பதில் சொல்ல வேண்டிய இரண்டு ஆட்களும் ஒரே கூரைக்குக் கீழ் இருப்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மேசையின்மேல் எனக்கு வந்த பொறாமை அந்த பஸ்ஸின்மேல்கூட வந்ததில்லை.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒருவர் இரண்டாவது பஸ் கேட்டார். அதிகாரி தலையாட்டினார்.

"இந்த பஸ் கிடைச்சதே பெரிசு அண்ணை. இது கிளிநொச்சிப் பக்கம் பக்டரியடி எண்டொரு இடத்துக்கு ஓடினது. வீதி சரியில்லை. திருத்தித் தாங்கோ, பஸ்ஸை வைச்சிருக்கிறம் எண்டு கேட்டம். ஒரு சத்தமும் இல்லை. நீங்கள் வீதி போட்டுத் தந்தியள், இஞ்சை விட்டம்."

நிலானி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் எழும்பினது எனக்கே பிறகுதான் தெரியும்.

"நான் பக்டரியடி," என்றேன். "ஆரிட்டைக் கேட்டனீங்கள்?"

அதிகாரி தடுமாறினார். "சபைக்கு அறிவிச்சனாங்கள் அம்மா. ரெண்டுதரம்."

"எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே. நான் சபைக்கு நேரை போய்க் கேட்டனான். டிப்போவைக் கேளுங்கோ எண்டுதானே சொல்லி விட்டவை."

எனக்கு முன்னால் கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் பக்கத்தில் இருந்தவரிடம், "அப்ப இந்த பஸ்ஸைத் திருப்பிக் கேக்கப் போறாவோ?" என்று கேட்டது மண்டபம் முழுக்கக் கேட்டது.

ஓம் என்று சொல்ல வாய் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், வந்தது. எங்கள் பஸ். கிழிந்த உறையோடு, வேலை செய்யும் மணியோடு, என் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் நடத்துனரோடு இவர்களுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. நிலானி மேல்சட்டை நுனியைக் கையால் சுருட்டியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை நான் கேக்கேல்லை," என்றேன். "இதிலைதான் என்ரை பிள்ளை பள்ளிக்கூடம் போறாள்." பிறகு அதிகாரியைப் பார்த்தேன். "நீங்கள் இப்ப சொன்னதை எங்கடை சபைத் தவிசாளருக்குப் பக்கத்திலை இருந்து சொல்லுவீங்களோ?"

"கூப்பிட்டால் வாறன்," என்றார்.

"கூப்பிடுவன்."

ஞாயிறு காலை தனியாகத்தான் திரும்பினேன். நிலானி சந்திவரை வந்தாள். முல்லைத்தீவு பஸ் வர முதலே அவளுடைய வகுப்புக்கு நேரமாகிவிட்டது. "போட்டுவாறன் அம்மா" என்று இரண்டு அடி போனவள், திரும்பி வந்து, "நேற்று நீங்கள் எழும்பினவுடனை எனக்குப் பயமாப் போச்சு. பிறகு இல்லை" என்றாள். அவள் போவதை நான் நின்று பார்த்தேன். வழியனுப்ப வந்தது அவள், ஆனால் அனுப்பிவிட்டு நின்றது நான்.

வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் வீடுவீடாகப் போனேன். இந்தக் கட்டுரை அந்த வெள்ளிக்கிழமைப் பயணத்தைப் பற்றியது என்பதால் நடுவில் நடந்த அலைச்சல்களை விடுகிறேன். ஆவணி முடிவதற்குள் தொழிற்சாலையின் பழைய நிறுவைக் கொட்டிலில் எங்கள் கூட்டம் நடந்தது. மேசைக்கு ஒரு கதவைக் கழற்றிப் போட்டோம். அதிகாரி சொன்னபடி வந்தார். எங்கள் தவிசாளர் பிந்தி வந்தார், வரும்போதே கதைத்துக்கொண்டு வந்தார்.

"சனத்தின்ரை கஷ்டம் எனக்கு விளங்குது. ஆனால் பஸ் விசயம் டிப்போக்காரர்தான்..."

அப்போதுதான் பக்கத்துக் கதிரையில் யார் இருக்கிறார் என்று பார்த்தார். அதிகாரி மெதுவாக, "வீதியைப் பற்றி ரெண்டுதரம் அறிவிச்சனாங்கள் ஐயா" என்றார். கொட்டிலுக்குள் இருந்த அத்தனைபேரும் தவிசாளரின் வாய் அடுத்து என்ன சொல்லும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவரும் அவரைக் காப்பாற்றவில்லை. நான் எழும்பினேன். அவர் பதில் சொல்லும்வரை நின்றுகொண்டே இருந்தேன்.

மாரிக்கு முன் கிறவல் வந்தது. மதகு இன்னும் கட்டி முடியவில்லை. புது பஸ் ஒன்று காலையும் பின்னேரமும் மதகடிவரை வந்து திரும்புகிறது. அங்கிருந்து வீட்டுக்கு இரண்டு கிலோமீற்றர் நடக்க வேண்டும். நிலானி பரீட்சை முடியும்வரை நாவலடிவெளியிலேயே நிற்கப்போகிறாள். மாதத்துக்கு ஒருமுறை வந்து போகிறாள்.

பொறாமை போய்விட்டதா என்று மச்சாள் சிரித்துக்கொண்டு கேட்டார். இல்லை. அங்கே அவர்கள் வாசலில் இறங்குகிறார்கள். போன மாதம் மகள் வந்தபோது மழை. மதகடியில் குடையோடு நின்று அவளை இறக்கி, சேற்றுக்குள் இருவரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தோம். தை மாதம் அடுத்த கூட்டம். மதகைப் பற்றி யார் கேட்பது என்று கொட்டிலில் கதை வந்தபோது, இந்தமுறை எட்டுக் கை உயர்ந்தது. கேட்கும் வரிசையில் எனக்கு நாலாவது இடம்தான் கிடைத்திருக்கிறது. முன்னால் இருக்கும் மூன்று பேரின்மேலும் எனக்கு எரிச்சல்.