மைக்செட் நயினாரின் மல்லி

வெயில் எதிர்வீட்டு ஓட்டை விட்டு இறங்குவதற்குள் நேமிநாதன் சாப்பிட்டு எழுந்துவிட வேண்டும். வேனின் பின்படியில் உட்கார்ந்து, மடியில் அலுமினியத் தட்டும் காலடியில் ஒரு கிண்ணமுமாகத் தயிர்சாதத்தைப் பங்கு வைப்பார். கிண்ணம் மல்லிக்கு. "சீக்கிரம் சாப்புடுமா, பொழுது சாஞ்சிக்கினு இருக்குது பாரு" என்று அவர் அவசரப்படுத்த, மல்லி பத்தியச் சோற்றைப் பார்க்கும் பிள்ளை பெற்றவளின் முகத்தோடு இரண்டு வாய் நக்கும். விளக்கு வைத்தபின் நயினார்கள், அதாவது தமிழ்ச் சமணர்கள், வாயில் ஒரு பருக்கை போடமாட்டார்கள். அவருடைய வேனில் குடியிருக்கும் பூனைக்கும் அதே சட்டம்தான்.

நேமிநாதன் என்று கேட்டால் காஞ்சிபுரத்தில் யாரும் வழி சொல்லமாட்டார்கள். மைக்செட் நயினார் என்று கேட்க வேண்டும். பட்டாளத்தில் கழித்துக்கட்டிய வேன் ஒன்றை ஏலத்தில் எடுத்து, அதிலேயே தொழிலும் குடித்தனமும் நடத்துகிறார். ஒருபக்கம் ஆம்ப்ளிபயரும் ரெக்கார்டுப் பெட்டியும். மறுபக்கம் படுக்கிற பலகை, பம்ப் ஸ்டவ், வாயில் வெள்ளைத்துணி கட்டிய தண்ணீர்ப் பானை. வடிகட்டாத தண்ணீரில் எந்த உயிர் நீந்துகிறதோ என்ற கவலை அவருக்கு எப்போதும் உண்டு. தென்னேரியில் தம்பி வீடு இருக்கிறது; தனி அறைகூட ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். போய் இருந்துதான் பார்த்தார். "வூட்டுக்குள்ள படுத்தா மனசே ஒப்பலைமா. காத்தால எழுந்து பாத்தா அதே ஊர்லயே இருக்கறேன்!" என்பார், ஏதோ பெரிய அநியாயத்தைச் சொல்வதுபோல.

மல்லி வாலாஜாபாத்தில் ஒரு மழைநாளில் வேனுக்குள் ஏறியது, அப்புறம் இறங்கவில்லை. வண்டி ஓடும்போது டிரைவர் பக்கத்து சீட்டு அதற்கு. நின்றுவிட்டால் புனல் ஸ்பீக்கருக்குள் புகுந்து தூங்கும். முதல் ரெக்கார்டு போட்டதும் புனலுக்குள்ளிருந்து ஒரு வெள்ளைப் பந்து தெறித்து விழுவதைப் பார்க்கவே தெருவில் கூட்டம் சேரும். கல்யாண வீட்டுக்காரர்கள் மட்டும் முகம் சுளிப்பார்கள். நல்ல காரியத்துக்குப் பூனையோடு வரலாமா? நயினாரிடம் பதில் தயாராக இருக்கும். "குறுக்க போனாத்தான்மா சகுனம். கூடவே வந்தா சொந்தம்."

ஆடி மாதம் வந்தால் பிள்ளையார்பாளையத்து நெசவுத் தெருக்களில் அவருக்கு ராஜமரியாதை. அம்மனுக்குக் கூழ் ஊற்றும் சாக்கில் ஒவ்வொரு தெருவும், "எங்க தெருவுல ஒரு வாரம் நிறுத்துங்க அண்ணா" என்று கெஞ்சும். கூழ் என்னவோ ஒரே நாளில் தீர்ந்துவிடும். தெருவுக்கு வேண்டியது மைக்செட் அல்ல, மல்லி. தறியில் நீளவாக்கில் பூட்டும் பட்டு இழைகள்தான் பாவு; அதற்குக் கஞ்சி போட்டு விறைப்பேற்றுவார்கள். கஞ்சி வாசனைக்கு எலி வரும். வந்தால் கஞ்சியோடு இழையையும் சேர்த்துக் கடிக்கும். ஆவணி முகூர்த்தச் சேலைகள் எல்லாம் ஆடியில்தான் தறியில் இருக்கும். தயிர்சாதத்தை நக்கிவிட்டு மல்லி, நெய்கிறவர் கால் தொங்கவிடும் தறிக்குழிகளுக்குள் இறங்கி ராத்திரி என்ன செய்கிறது என்று தெருவுக்கே தெரியும், நயினாரைத் தவிர. விடிவதற்குமுன் பெண்கள் எழுந்து வாலும் தலையுமாகக் கிடப்பதைப் பெருக்கித் தள்ளிவிட்டுத்தான் கோலம் போடுவார்கள். அவர் மனசு நோகக் கூடாதே!

இத்தனை வருஷம் கட்டிக்காத்த ரகசியத்தைப் போன ஆடியில் ஒரு தெருவில் தனசேகரன் என்பவர் போட்டு உடைத்தார். கூழ் ஊற்றி முடிந்ததும் நன்றி சொல்ல மைக்கைப் பிடித்தவர், பூசாரிக்கு நன்றி, பந்தல்காரருக்கு நன்றி என்று சொல்லிக்கொண்டே வந்து, "நம்ம தெரு எலிங்களையெல்லாம் தின்னு தீர்த்த மைக்செட் நயினார் பூனைக்கும் நன்றி" என்று முழங்கிவிட்டார். நயினாருடைய மைக், நயினாருடைய ஆம்ப்ளிபயர், நயினாருடைய இரண்டு புனல். அவர் சுவிட்சை அணைத்தார். யாரையும் ஒரு வார்த்தை சொல்லாமல் ஒயரைச் சுருட்டிக்கொண்டு திருப்பருத்திக்குன்றம் சமணக் கோயிலுக்குப் போய், ஒருநாள் முழுக்கப் பட்டினி கிடந்தார். அந்தத் தெருவுக்கு அவர் வேன் மறுபடி போகவே இல்லை.

இந்த ஆடியில் வேன் வந்து நின்றது ரேணுகாம்பாள் வீட்டுவாசலில். மைக்செட்டுக்குக் கரண்டும் அவள் வீட்டிலிருந்துதான். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பாவு பூட்டிய நாளிலிருந்து எலித் தொல்லை. புருஷன் காசிநாதன் பொறியில் மசால்வடை வைத்துப் பார்த்தாயிற்று. எலி வடையைத் தின்றுவிட்டுப் பொறியை அப்படியே விட்டுவிட்டுப் போனது. பாவு பாழானால் தீபாவளி வரைக்கும் வேறு பாவு தர முடியாது என்று தறிமுதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இருவரும் வெறும் தறியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இனி மல்லி பார்த்துக்கொள்ளும் என்று அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

வந்த அன்றே நயினார், "கழிவு பட்டுநூல் கொஞ்சம் இருந்தா குடும்மா, மல்லி கழுத்துக்கு" என்று கேட்டார். பூனைக்கு அலங்காரம் செய்யப்போகிறார் என்று நினைத்து, அவளே சிவப்பு நூலாகத் தேடி எடுத்து, எட்டுப் புரி சேர்த்து, அறுக்கவே முடியாதபடி முறுக்கிக் கொடுத்தாள். அவர் அதில் ஒரு வெண்கல மணியைக் கோத்து மல்லியின் கழுத்தில் கட்டினார். எலிகள் கூட்டம் போட்டு யோசிக்க வேண்டிய சிரமத்தைக்கூட வைக்கவில்லை.

"எதுக்குண்ணா மணி?"

"எந்த உசுரா இருந்தாலும், நாம வர்றது அதுக்குத் தெரியணும் இல்லம்மா?"

அன்றுமுதல் மல்லி தறிக்குழியில் ஜல்ஜல்லென்று நடமாட, எலிகள் சாவகாசமாக ஒதுங்கி நின்று, அது போனபின் பாவுக்கு வந்தன. மூன்றே நாளில் பாவின் ஓரம் செல்லரித்ததுபோல ஆகிவிட்டது. "நேரா சொல்லிட வேண்டியதுதான், மணிய அவுருங்கன்னு" என்றான் காசிநாதன். "சொல்லு. தனசேகரனுக்குச் சொன்ன பதிலதான் உனக்கும் சொல்லுவாரு" என்று அவள் எரிந்து விழுந்தாள். ஆனாலும் மனசு கேட்காமல் ஒருமுறை, "கழுத்து புண்ணாயிடப் போவுதுண்ணா" என்று போய்ச் சொல்லிப் பார்த்தாள். அவர் கயிற்றுக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்து, "ஆவாதும்மா. நீ திரிச்ச நூலாச்சே, மெத்துனு இருக்குது" என்றார். அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

கூழ் ஊற்றி முடிந்தது. புனல்களை இறக்கி, மைக்கைத் துடைத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டி, கடைசியாக ஒயரைக் கழற்ற நயினார் மதியம் வீட்டுக்குள் வந்தார். மறுநாள் தென்னேரிக்குக் கிளம்ப வேண்டும். ரேணுகாம்பாள் பாவின் முன்னால் குனிந்து, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக இணைத்துக்கொண்டிருந்தாள். அவர் பின்னாலேயே வந்த மல்லி தறிக்குழியின் ஓரத்தில் பதுங்கியது. குழிக்குள் ஒரு எலி. மல்லி ஒரு கால் எடுத்து வைத்தது. ஜல். எலி திரும்பிப் பார்த்தது; பார்த்துவிட்டு, அவசரம் ஒன்றும் இல்லாமல் போனது. மல்லி நயினாரை நிமிர்ந்து பார்த்தது. ரேணுகாம்பாளும் பார்த்தாள்.

"எப்பம்மா குடுக்கணும் இத?" என்றார்.

"ஆவணி மொத முகூர்த்தம்ணா."

அவர் கடிபட்ட ஓரத்தை விரலால் ஒருமுறை தடவினார். ஒயரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான் என்று நினைத்தாள். இனி யாரிடம் போய் அழுவது?

பொழுது சாயும்போது வழக்கம்போலப் பின்படியில் தட்டும் கிண்ணமும் வந்தன. கழுவிக் கவிழ்த்துவிட்டு, மல்லியைத் தூக்கிக்கொண்டு நயினார் நேராக அவள் வாசலுக்கு வந்து நின்றார்.

"இந்த மணிச் சத்தம் மைக்ல வந்து கலந்துடுது ரேணுகா. ஒரே கொரகொரன்னு இருக்குது."

மைக் மதியமே பெட்டிக்குள் போய்விட்டது. இரண்டு பேருக்கும் அது தெரியும்.

"ஆமாண்ணா" என்றாள் அவள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். "நான்கூட கவனிச்சேன்."

"முடிச்சு அவுர மாட்டேங்குது. கத்திரி இருந்தா குடு."

இழை நறுக்கும் சின்னக் கத்தரியை எடுத்து வந்து கொடுத்தாள். அவள் போட்ட எட்டுப் புரி முறுக்கு நான்கைந்து கடிக்குத்தான் விட்டது. "தென்னேரிக்கு நாளைக்குத்தானேண்ணா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"எங்கம்மா! கிளட்ச் மக்கர் பண்ணுது. வெள்ளிக்கெழம வரைக்கும் வண்டி நகராது."

மல்லி அவர் கையிலிருந்து குதித்து, சத்தமே இல்லாமல் தறிப்பக்கம் நடந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மணியைச் சட்டைப்பைக்குள் போட்டு, நடக்கையில் அது குலுங்கிவிடாதபடி வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வேனைப் பார்த்துப் போனார்.