முன்னால் நடக்க ஒரு ஆள்

சித்தப்பா ஏறிப்போன விமானம் காணாமல் போனதற்கு எங்கள் வீட்டில் மூன்று காரணங்கள் இருந்தன. அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, சித்திக்கு ஒன்று.

சித்தப்பா பட்டாளத்தில் சமையல்காரர். வடக்கே பனிமலை உச்சியில் இருக்கும் முகாம்களுக்கு அரிசி பருப்பு ஏற்றிக்கொண்டு போன விமானத்தில் அவரும் போனார். கிளம்பியது தெரியும், போய்ச் சேரவில்லை. தேடுகிறோம் என்று முதலில் ஒரு கடிதம் வந்தது. ஐந்து மாதம் கழித்து, தேடுவதை நிறுத்திவிட்டோம் என்று இன்னொன்று வந்தது. இறந்துவிட்டார் என்று இரண்டிலும் இல்லை. அதனால் அம்மாவின் தங்கையான, கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியாத சித்தி, கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டில் பொட்டும் பூவுமாகவே இருந்தாள். தினமும் சாயங்காலம் பூக்காரம்மா வரும்போது அம்மா ஒரு முழம் வாங்கி அவள் தலையில் வைத்துவிடுவாள். காய்ச்சலில் படுத்த நாளில்கூட அம்மா இதை விட்டதில்லை.

அம்மாவின் காரணம் சாமி. சித்தப்பா குடும்பத்தின் குலதெய்வம் கல்வராயன் மலைமேல் இருக்கிறது. கல்யாணமான ஜோடி அங்கே போய்ப் பொங்கல் வைத்துவிட்டுத்தான் மற்ற காரியம் பார்க்க வேண்டும். லீவு முடிந்துவிட்டதால் இவர்கள் போகவில்லை. சாமி கோபத்தில் விமானத்தை மறைத்து வைத்திருக்கிறது, தை அமாவாசைக்குள் பொங்கல் வைத்துக் கேட்டால் திருப்பிக் கொடுத்துவிடும் என்று குறி சொல்கிறவர் ஒருவர் சொல்லியிருந்தார்.

என் காரணம் இன்னும் பெரியது. ஒரு வாரப் பத்திரிகையில் பெர்முடா முக்கோணத்தைப் பற்றித் தொடர்ந்து எழுதி வந்தார்கள். கப்பலையும் விமானத்தையும் விழுங்குகிற கடலாம் அது. உள்ளே போனவர்களுக்குக் கடிகாரம் நின்றுவிடுமாம், வயது ஏறாதாம், என்றைக்காவது ஒருநாள் அப்படியே வெளியே வருவார்களாம். பெர்முடா எங்கே இருக்கிறது, பனிமலை எங்கே இருக்கிறது என்றெல்லாம் ஒன்பது வயதில் நான் கவலைப்படவில்லை. அந்தப் பக்கத்தைக் கத்தரித்து, பெரிய உபகாரம் செய்கிற தோரணையில் சித்தியிடம் கொடுத்தேன்.

சித்தி ஒரு வரி விடாமல் படித்தாள்.

"அந்த கடலு மேல தெனம் எத்தினி ஏரோப்ளேன் போய்க்கினு வந்துக்கினு இருக்குது. ஒழுங்கா போய் சேந்தத எல்லாம் இவன் எழுதுவானா?" என்று கேட்டுவிட்டுக் காகிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

சித்தியின் காரணம் ஒரே சொல்தான், மூடுபனிக்கு எங்கள் ஊர்ச் சொல். மோடம். மோடம் இறங்கினால் மலை தெரியாது, தெரியாத மலையில் போய் மோதும், இதற்கு சாமியும் வேண்டாம் பூதமும் வேண்டாம் என்பாள். அம்மா அவள் வாயைக் கழுவச் சொல்வாள். ஒருநாள் சித்தி பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"அதுல ஒரு பஞ்சாபிக்காரரு இருந்தாரு, ஒரு கேரளாக்காரரு இருந்தாரு. அத்தினி பேருமா நம்ம சாமிக்கு பொங்க வெக்காம உட்டாங்க? சொல்லுக்கா."

அம்மா அழ ஆரம்பித்தாள். அம்மா அழுதால் சித்தி இறங்கி வந்துவிடுவாள். அப்படித்தான் அந்த மார்கழியில் நாங்கள் மூவரும் வெல்லமும் பச்சரிசியும் கட்டிக்கொண்டு மலைக்கு பஸ் ஏறினோம்.

எனக்கு சித்தப்பாவை அவ்வளவு பிடிக்கும். பட்டாளத்துக்கே சமைத்த கை என்பதால் கொஞ்சமாகச் சமைக்க அவருக்கு வராது. லீவில் வந்தபோது, ஐந்து பேர் இருந்த வீட்டில் எழுபது பூரி சுட்டுவிட்டு, தெரு முழுக்கக் கொண்டுபோய்க் கொடுக்க என்னை அனுப்பினார். அப்பேர்ப்பட்ட மனுஷர் திரும்பி வருவார் என்று எல்லோரும் சொல்லும்போது சித்தி மட்டும் மோடம், மலை என்றால் எனக்கு என்ன தோன்றும்? சித்திக்கு அவர்மேல் பிரியமே இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

கோவிலில் பொங்கல் நன்றாகத்தான் பொங்கியது. "இன்னாம்மா வேண்டுதல், வாய் தொறந்து சொல்லு" என்றார் பூசாரி. அம்மா சித்தியின் முழங்கையை இடித்தாள். சித்தி கும்பிட்ட கையை இறக்காமல், "வேண்டுதல் ஒண்ணும் இல்லீங்க. வெக்க வேண்டிய பொங்கலு, வெச்சிட்டோம்" என்றாள்.

அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. நான் கொதித்துப்போனேன். ஒரு வார்த்தைதானே, கேட்டால் என்ன குறைந்துவிடும்? "உன்னாலதான் சித்தப்பா வரமாட்டாரு" என்று அவள் முகத்துக்கு நேராகச் சொன்னேன். சித்தி பொங்கல் பானையை வெள்ளைத் துண்டால் மூடிக் கட்டினாள்.

மத்தியானத்துக்கு மேல் கீழே இறங்கும் பஸ் பிடித்தோம். நான் வீம்பாக அம்மா பக்கம் உட்கார்ந்தேன். இரண்டாவது கொண்டை ஊசி வளைவு திரும்பியதும் டிரைவர் பிரேக் போட்டார். கண்ணாடிக்கு முன்னால் எதுவுமே இல்லை, ஒரே மோடம். விளக்கைப் போட்டதும் இன்னும் வெளுப்பாக ஆயிற்று. கண்டக்டருக்கு இது பழக்கம்தான். இப்படி ஆனால், பள்ளத்துப் பக்கம் அவர் முதுகில் வெள்ளைத் துண்டைப் போட்டுக்கொண்டு நடப்பார், மலைப் பக்கம் இன்னொரு ஆள் நடக்க வேண்டும், இரண்டு துண்டுக்கும் நடுவில் பஸ் ஊர்ந்து வரும்.

"மலப்பக்கம் ஒரு ஆளு எறங்குங்க சாமி" என்றார்.

ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சித்தி பானையிலிருந்து துண்டை அவிழ்த்துவிட்டாள். "நீ எதுக்குடி" என்று அம்மா புடவையைப் பிடித்து இழுத்தாள். படிக்கட்டில் நின்று சித்தி அந்த வெள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதான்க்கா. இது மாதிரிதான் இருந்திருக்கும். அவுங்களுக்கு முன்னால நடக்க ஆளு இல்ல."

சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள்.

நாலு எட்டு வரைக்கும் துண்டு தெரிந்தது. அப்புறம் என் ஜன்னலிலிருந்து தெரியவில்லை. எனக்குக் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ, ஜன்னலில் தலையை நீட்டி சித்தி, சித்தி என்று கத்தினேன். "இங்கதாண்டி நடந்துக்கினு இருக்கறன்" என்று மோடத்துக்கு உள்ளேயிருந்து குரல் வந்தது. ஒவ்வொரு வளைவிலும் கூப்பிட்டேன். ஒவ்வொரு வளைவிலும் பதில் சொன்னாள்.

பாதி மலை இறங்கியதும் மோடம் கலைந்தது. கீழே வயல் தெரிந்தது, அணைத் தண்ணீர் தெரிந்தது. கண்டக்டர் ஏறிக்கொண்டார். "ஏறும்மா, தெளிஞ்சிடிச்சி" என்றார். சித்தி திரும்பவில்லை. முதுகில் துண்டோடு நட்டநடு ரோட்டில், ஒரு கையைத் தூக்கிப் பிடித்தபடி நடந்துகொண்டே இருந்தாள். டிரைவர் ஹாரன் அடிக்காமல் பின்னாலேயே ஊர்ந்தார். பஸ்ஸில் யாரும் அவசரப்படவில்லை. ரோடுதான் பளிச்சென்று தெரிகிறதே, இன்னும் யாருக்கு வழிகாட்டிக்கொண்டு போகிறாள் என்று எனக்குத்தான் எரிச்சலாக இருந்தது. கூப்பிட வாயெடுத்தேன். அம்மா என் வாயைப் பொத்திவிட்டாள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் பூக்காரம்மா வாசலில் குரல் கொடுத்தாள். அம்மா சித்தியைப் பார்த்தாள். சித்தி மறுத்துத் தலையசைத்தாள். இனிமேல் வேண்டாம் என்று சொல்லி அம்மா பூக்காரம்மாவை அனுப்பிவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். மோடத்தில் நடந்ததில் சித்தியின் தலை ஈரமாக இருக்கிறது, அதனால்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.