பசை ஊறும் நேரம்

இந்த வேலையில் எனக்கு அலுத்துப்போனது எதுவென்று கேட்டால், பல் பிடுங்குவது இல்லை. "ஆச்சா?" என்ற கேள்விதான். வாய்க்குள் என் கை இருக்கும்போதே கேட்பார்கள். வாயைத் திறந்து படுத்திருப்பவரால் கேட்க முடியாவிட்டால் கூட வந்தவர் கேட்பார். பொன்னமராவதியில் கிளினிக் வைத்த நாளிலிருந்து காது புளிக்கக் கேட்டாயிற்று.

அன்று காலை நான் பூட்டைத் திறக்கும்போதே ஓர் அம்மா பெரிய டிராலிப் பையோடு வாசலில் நின்றார். அவருடைய மகன் அன்று துபாய்க்குத் திரும்புகிறார். வீட்டைவிட்டுக் கிளம்பும் நேரம் ராகுகாலத்தில் விழுகிறதாம். அப்படி விழுந்தால், முன்னதாகவே நல்ல நேரம் பார்த்துப் பையை வேறோர் இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பரஸ்தானம் என்று பெயர். வழக்கமாகப் பக்கத்து வீட்டில்தான் வைப்பார்கள்.

"பல்லு அடைக்க ஒங்ககிட்டதான் வாரான். இங்கிட்டே வச்சிர்றேன் டாக்டரம்மா. இங்கருந்தே கார் ஏத்தி விட்டுர்றேன். திரும்ப வீட்டுக்குள்ள போகக் கூடாதுல்ல."

மாட்டேன் என்று சொல்லத் தெம்பில்லை. போகிற வருகிறவர் கால்களையெல்லாம் தடுக்கிவிட்டபடி அந்தப் பை மத்தியானம்வரை என் மேசையோரம் கிடந்தது.

மகன் வந்தார். மேல் முன்பல் ஒன்று பாதி இல்லை. லீவுக்கு வந்த புதிதில் பைக்கிலிருந்து விழுந்து உடைத்துக்கொண்டாராம். வேறெங்கோ அடைத்தது கரும்பைக் கடித்ததும் பெயர்ந்து வந்துவிட்டது. துபாயில் ஓட்டல் ஒன்றில் வரவேற்பு கவுன்டரில் வேலை. "இப்படியே போனா கவுன்டர்ல நிக்க விட மாட்டாங்க மேடம். குடோனுக்குத் தள்ளிருவாங்க" என்றார். லீவு முழுக்க ஊர் சுற்றிவிட்டு விமானம் ஏறும் நாளில் வந்து சொல்கிற பேச்சா இது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்டும்விட்டேன். சிரித்தார். அந்த ஓட்டைச் சிரிப்பைப் பார்த்த பிறகு திட்ட முடியவில்லை.

பல்லின் மேல்தோடு எனாமல். அதில் பசை சுலபமாகப் பிடிக்கும். அதற்கு உள்ளே இருக்கும் டென்டின் அப்படியில்லை. ஈரமானது, கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்தது. மேலாகத் தடவிவிட்டால் போதாது. சின்னத் தூரிகையால் தேய்த்துக்கொண்டே இருந்து பசையை ஊறவிட வேண்டும். பிறகு மெல்லக் காற்றடித்து அதிலிருக்கும் திரவத்தைப் பறக்கவிட்டு, அதற்கப்புறம்தான் பசையை இறுக வைக்கும் நீல விளக்கு. எல்லாம் சேர்த்தும் கொஞ்ச நேரம்தான். ஆனால் அந்தக் கொஞ்சத்திலும் குறைத்தால் அடைப்பு அன்றைக்குப் பார்க்க அழகாக இருக்கும், பிறகு ஒருநாள் சோற்றோடு வந்துவிடும்.

பசை கசந்ததோ என்னவோ, பாதியில் வாயை மூடி எழுந்து துப்பிவிட்டார். எச்சில் பட்டால் எல்லாம் வீண். கழுவி, பசை பிடிப்பதற்காகப் பல்லைச் சொரசொரப்பாக்கும் ஜெல் வைத்து, மறுபடி கழுவி, முதலிலிருந்து தொடங்கினேன். காலையில் சாப்பிட்ட இரண்டு இட்லி எங்கே போனதென்று தெரியவில்லை. மணிக்கட்டு விண்விண்ணென்று வலித்தது. வெளியே கார் ஹாரன்.

"ஆச்சா டாக்டரம்மா? டிரைவரு கத்துறாரு."

"ஆக்கப் பொறுத்தவங்க ஆறப் பொறுக்கக் கூடாதா? பசை ஊறணும்மா. இப்ப அவசரப்பட்டா அங்க போயி விழுந்துரும்."

குரல் உயர்ந்துவிட்டது. அந்தம்மா நாற்காலியின் கால்மாட்டுக்கு வந்து மகனுடைய கணுக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் புதிதாகப் பசையைத் தொட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன். தேய்த்து முடித்துக் காற்றுக்குழாயை எடுக்கப் போகும்போது மெதுவாகக் கேட்டார்.

"இன்னுங் கொஞ்ச நேரம் தேய்ச்சா இன்னும் நல்லா ஒட்டுமா?"

நிமிர்ந்து பார்த்தேன். பல்லை அவர் பார்க்கவேயில்லை. மகனுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த அறையைவிட்டு இறங்கினால் அவருக்கு மகன் இல்லை, அடுத்த லீவுவரை.

"ஒட்டும்" என்றேன். பொய்யில்லை. கூடுதலாக ஊறினால் கெட்டுப்போகிற பசை இல்லை அது. தூரிகையை மறுபடி தொட்டுத் தேய்த்தேன்.

ஹாரன் விடாமல் அடித்தது. பிடித்த காலை விடாமலே அந்தம்மா வாசல் பக்கம் திரும்பினார்.

"இன்னும் ஆகலப்பா" என்றார்.