கையெழுத்து நாளில் இருந்த பதிப்பு

அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் அகராதி. மென்பொருள் விற்கும் அந்த நிறுவனத்தின் ஒப்பந்தங்களில், எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று வரையறுக்கும் பகுதியை எழுதுவது அவள் வேலை. ‘பழுது என்றால்’, ‘வேலைநாள் என்றால்’ என்று காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை என்றால், என்றால்தான். வீட்டில் கணவர் காபி கேட்டால்கூட, “இப்பவா, குளிச்சிட்டு வந்தா? தெளிவா சொல்லுங்க” என்பாள். அந்த மனுஷர் பாவம்.

முன்பெல்லாம், கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளுக்கு, ‘இயங்குதளம் என்றால் வாடிக்கையாளரின் கணினியில் உள்ள இயங்குதளம்’ என்று வெள்ளந்தியாகத்தான் எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு வாடிக்கையாளர் தன் கணினிகளையெல்லாம் புதிய பதிப்புக்கு மாற்றிவிட்டு, மென்பொருளையும் அதற்கேற்ப மாற்றிக் கொடு என்று கழுத்தில் துண்டைப் போட்டார். ஒப்பந்தப்படி மறுக்க வழியில்லை. மேலாளர் காட்டுக் கத்தலாகக் கத்தினார். அவள் உட்கார்ந்து வரியைத் திருத்தினாள்: ‘கையெழுத்திடும் நாளில் இருந்த பதிப்பு மட்டும். பிறகு வரும் எந்தப் புதுப்பிப்பும், தானாக வந்து சேர்வது உட்பட, இதில் அடங்காது.’ மேலாளர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். அவளுக்கும் உச்சி குளிர்ந்தது. அதன்பின் எல்லா ஒப்பந்தத்திலும் அதே வரிதான்.

அவள் தங்கையும் தங்கை கணவரும் ரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்துகிறார்கள். மென்பொருள் இவள் நிறுவனத்தினுடையது. போன வாரம் அங்கே கணினி தானாகவே தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. அன்றிலிருந்து பரிசோதனை இயந்திரத்துக்கும் கணினிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. முடிவுகள் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. டாக்டர்கள் ஒவ்வொருவராக நோயாளிகளை எதிர்த்தெருக் கூடத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். இப்படியே போனால் கதவை இழுத்து மூட வேண்டியதுதான்.

அவள் மேலாளர் அறைக்கு ஓடினாள்.

“சார், இந்த ஒரு தடவை மட்டும் சரிபண்ணிக் கொடுத்துடலாமே?”

“இவங்களுக்குச் செஞ்சா மத்தவங்க சும்மா இருப்பாங்களாம்மா? புது ஒப்பந்தம் போடச் சொல்லுங்க. அந்த ஓட்டைய அடைச்சதே நீங்கதானே?”

அந்த ஆளை மனசுக்குள் திட்டக்கூட முடியவில்லை. சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை.

நேராகப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனாள். வரவேற்பு மேசையில் தங்கை முடிவுகளைக் கையால் எழுதிக்கொண்டிருந்தாள். எதிரே இரண்டு பேர் கடுகடுவென்று நின்றிருந்தார்கள். தங்கை கணவர் கையில் ஒப்பந்தம் இருந்தது.

“இதப் பாருங்கக்கா. தானா வந்து சேர்வது உட்படவாம். எந்த மகராசன் எழுதினானோ, நாங்க தப்பிக்க ஒரு சந்துகூட விடல.”

“நான்தான் மாப்பிள்ளை.”

அவர் தாளை மேசைமேல் வைத்துவிட்டார். தங்கை பேனாவை நிறுத்தாமலே கேட்டாள்.

“எழுதும்போது எங்க ஞாபகம் வரலயாக்கா?”

“அப்ப நீங்க லேப் ஆரம்பிக்கவே இல்லடி.”

“சரி, நாங்க கையெழுத்துப் போடறப்ப பக்கத்துலதானே உக்காந்திருந்த? அப்பவாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

மறைக்க வேண்டும் என்று அவள் மறைக்கவில்லை. அன்று அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அதே வரியைத்தான் படித்துக்கொண்டிருந்தாள், எவ்வளவு கச்சிதமாக வந்திருக்கிறது என்று.