அறுபத்தாறு வோல்ட் பொய்

ஈ-பைக் ரிப்பேர் தொழிலில் கரண்ட் கண்ணுக்குத் தெரியாது; நாம் திணறுவது மட்டும் கஸ்டமருக்குப் பளிச்சென்று தெரியும். சக மெக்கானிக் சாமிகளே, உங்களுக்கும் இதெல்லாம் நடந்திருக்கும், ஒத்துக்கொள்ளத்தான் மாட்டீர்கள். நான் ஒத்துக்கொள்கிறேன். நாமக்கல்லில் பதினைந்து வருஷம் லாரி எலக்ட்ரீசியனாக இருந்துவிட்டுத் திருச்செங்கோட்டில் கடை போட்டவன். எனக்குத் தெரியாத ஒயரா என்கிற தெனாவெட்டு அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

பொறி பார்த்தது

லாரிப் பட்டறையில் கரண்ட் பார்க்க மீட்டரெல்லாம் தேட மாட்டோம். இரண்டு ஒயர் நுனியை லேசாக ஓர் உரசு. பொறி வந்தால் கரண்ட் இருக்கிறது, அவ்வளவுதான். ஜமீலாக்கா ஸ்கூட்டரைக் கொண்டுவந்தபோதும் அதையே செய்தேன். அக்கா இளம்பிள்ளையில் சேலை எடுத்து, அந்த ஈ-ஸ்கூட்டரில் ஊர் ஊராகப் போய் விற்பவர். வண்டி பாதி வழியில் நின்றுவிடுகிறது என்றார்.

அறுபது வோல்ட் வண்டி உரசலுக்கெல்லாம் சும்மா இருக்குமா? படார்! ஃபியூஸ் போச்சு, ஒயர் நுனி உருகிப் போச்சு. பக்கத்து பேட்டரிக் கடை மணியண்ணன் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, தீபாவளிக்கு இன்னும் நாள் கெடக்குதுங்களே?"

மலிவு மீட்டர்

ரோஷம் வந்து, சேலத்துக்குப் போய் ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். இருப்பதிலேயே மலிவானது. புது ஃபியூஸ் போட்டு, அக்கா வண்டி பேட்டரியில் வைத்தால் அறுபத்தாறு வோல்ட் காட்டியது. "ஃபுல் சார்ஜுங்க அக்கா, கோளாறு ஆக்சிலேட்டர்லதான்" என்று அடித்துச் சொல்லி, அதை மாற்றியும் அனுப்பினேன்.

மறுநாள் அக்கா ஜேடர்பாளையம் ரோட்டில், சேலை மூட்டையோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு நின்றார். அங்கே ஒரு கல்யாண வீட்டில் நாற்பது சேலை கேட்டிருந்தார்கள். புதன்கிழமை காலைக்குள் வரவில்லையென்றால் வேறு ஆளிடம் எடுத்துக்கொள்வோம் என்று கறாராகச் சொல்லியும் விட்டார்கள். ஆட்டோ வைத்து வண்டியை என் கடைக்குக் கொண்டுவந்து இறக்கினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "தம்பி, சார்ஜர்ல பச்சை லைட்டும் ஃபுல்லுங்குது, நீங்களும் ஃபுல்லுங்கறீங்க. வண்டி மட்டுந்தான் நிக்குது."

தட்டிப் பார்த்தது

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மணியண்ணன் கடையில் புத்தம்புது பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் என் மீட்டரை வைத்தேன். பதினாறு என்றது. மீட்டருக்குள் கடையிலிருந்தே வந்த குட்டி பேட்டரி தீரும் நிலையில் இருக்க, அது இஷ்டத்துக்குக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தது. தீர்ந்தது என்று சொல்ல அதில் ஓர் அடையாளமும் கிடையாது.

செவ்வாய்க்கிழமை காலையிலேயே சேலம். இந்தத் தடவை பையில் ஒரு புது டார்ச் செல் எடுத்துப் போனேன்; சரியான மீட்டர் என்றால் அதில் ஒன்றரை வோல்ட் காட்ட வேண்டும். இருநூறு வோல்ட் டிசி அளக்க வேண்டும். ஒயர் அறுந்ததா என்று பார்க்க, அறாத ஒயருக்கு பீப் அடிக்க வேண்டும். ஆம்பியர் அளக்கும் ஓட்டைக்கு உள்ளே ஃபியூஸ் வேண்டும். தன் பேட்டரி தீர்ந்தால் திரையில் காட்ட வேண்டும். மீட்டரின் ஒயர் தடிமனாக இருக்க வேண்டும். ஒவ்வொரு மீட்டரையும் அந்த செல்லில் வைத்துப் பார்த்தேன். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "ஏனுங்க, தேங்காயத் தட்டற மாதிரி அத்தனையும் தட்டிப்போட்டீங்க, ஒண்ணாச்சும் எடுப்பீங்களா?"

பீப்

எடுத்தேன். மத்தியானம் அக்கா பேட்டரியில் வைத்தால் வெறும் ஐம்பத்திரண்டு. அப்புறம் சார்ஜரிலிருந்து வண்டிக்குப் போகும் ஒயரில் பீப் பார்த்தேன். சத்தமே இல்லை. அக்கா தினமும் ஒயரை சார்ஜரைச் சுற்றி இறுக்கிக் கட்டி வைத்ததில், மடிப்பில் உள்ளே அறுந்திருக்கிறது. கரண்ட் இழுக்க ஆளில்லை என்றாலும் சார்ஜர் பச்சைதான் காட்டும்; சார்ஜே ஏறாமல் அந்த விளக்கு மட்டும் ஜம்மென்று எரிந்திருக்கிறது. வெட்டி, புது ஒயர் சேர்த்து, என் கடையிலேயே ராத்திரி வரை சார்ஜ் போட்டேன். அப்பாடா, இந்தத் தடவை நிஜமான அறுபத்தாறு!

புதன்கிழமை பத்து மணிக்கு அக்கா போன் செய்தார். நாற்பது கேட்ட வீட்டில் நாற்பத்துமூன்று எடுத்துக்கொண்டார்களாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெல்டிங் புகை என்று மணியண்ணனிடம் சமாளித்தேன். மீட்டர் பொய் சொன்னதையும் செல்லில் வைத்துப் பார்த்து வாங்கியதையும் அக்காவிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் பிரேக் பார்க்க வந்த அக்கா, நான் மீட்டரைத் தொட்டதும் கையைக் காட்டி நிறுத்தி, சேலைப் பையிலிருந்து ஒரு புது செல்லை எடுத்து மேஜையில் வைத்தார். "மொதல்ல இதுல வெச்சுக் காட்டுங்க தம்பி, அப்பறம் என் வண்டியத் தொடலாம்."

இன்றைக்கு என் கடையில் எந்த வண்டிக்கும் முன்னால் பரீட்சை எழுதுவது என் மீட்டர்தான். அது பாஸானால்தான் நான் மெக்கானிக்.